என் வீட்டுக்காரர் வாங்கிய குடைகள்

வியாபாரத்தில் கையைச் சுட்டுக்கொண்டவர்கள் பலரைப் பார்த்திருக்கிறேன். ஒரே சரக்கில் வாங்கும்போது ஒரு தடவை, விற்கும்போது ஒரு தடவை என்று இரண்டு தரம் சுட்டுக்கொண்டவர் ஒரே ஒருவர்தான். அவருக்குத்தான் நான் வாழ்க்கைப்பட்டேன்.

இலங்கைக்குச் சுதந்திரம் கிடைத்து நாலைந்து வருஷம் ஆகியிருக்கும். பதுளை பஜாரில் எங்கள் ஜவுளிக்கடை. முதலாளி என் வீட்டுக்காரரின் அண்ணன். இவர் துணி கிழிப்பார், மடிப்பார், அண்ணன் சொல்வதற்கெல்லாம் தலையாட்டுவார். கடைக்குப் பின்னால், ஒரு திரைக்கு அப்பால், இரண்டு அறையில் எங்கள் குடித்தனம். கோவில்பட்டிப் பக்கம் வெயிலில் வளர்ந்த எனக்குப் பதுளைக் குளிர் அப்படிப் பிடித்துப்போயிற்று. இன்னொரு காரணத்தையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். மாமியார் ஊரில் இருந்தார்.

அந்த வருஷம் தீபாவளி வியாபாரம் முடிந்த கையோடு அண்ணன் ஊருக்குக் கிளம்பினார். கார்த்திகையில் மகள் கல்யாணம், பொங்கல் முடித்துத்தான் திரும்புவார். கிளம்பும்போது தம்பியைக் கூப்பிட்டுச் சொன்னார்.

“கடை உன் பொறுப்பு. வந்து பாப்பேன். ஏதாவது ஏடாகூடம் பண்ணி வச்சிருந்தே, புருஷனும் பொண்டாட்டியும் அடுத்த கப்பல்ல ஊருக்குப் போயிரணும்.”

திரைக்குப் பின்னால் நின்று கேட்ட நான் அன்றே டிரங்குப் பெட்டியைத் தூசி தட்டி வைத்தேன். இவருக்கு அந்தக் கவலையே இல்லை. அண்ணன் வரும்போது அசந்துபோக வேண்டும் என்று கங்கணம் கட்டிக்கொண்டார்.

மழை பிடித்துக்கொண்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் தேயிலைத் தோட்டத்துப் பெண்கள் நனைந்துகொண்டே பஸ்ஸை விட்டு இறங்குவதைக் கடை வாசலில் நின்று பார்த்தார். பாவம், ஒருத்தியிடமும் குடை இல்லை என்றார். அடுத்த வாரமே கொழும்புக்குப் போய்ப் புறக்கோட்டைக் கடைத்தெருவில் பன்னிரண்டு பெட்டிக் குடை வாங்கி வந்தார். எல்லாம் பெண்கள் குடை. சிவப்பு, மஞ்சள், ஊதா, எல்லாவற்றிலும் உள்ளங்கை அளவுக்குப் பூ. ஊவா மாகாணத்துத் தோட்டங்கள் முழுக்க நம்ம குடைதான் என்று கூரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

ஒரு குடைகூடப் போகவில்லை. மூன்றாவது ஞாயிறு, பசறைப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து வழக்கமாக வரும் ஓர் அக்காவை இவரே வலியக் கூப்பிட்டு, கொட்டுகிற மழைக்கு ஒரு குடை வாங்கக்கூடாதா என்று கேட்டுவிட்டார்.

“மொதலாளி, நீங்க மலைக்கு வந்து பாத்திருக்கீங்களா?” என்றாள் அவள். “தலையில கம்பளி, முதுகுல கூடை. ரெண்டு கையும் கொழுந்துக்கு. கொடைய யாரு புடிக்கிறது, கங்காணியா?”

கடையே சிரித்தது. பெண்களை வேலை வாங்கும் கங்காணி மீசையோடு அவர்கள் பின்னால் பூக்குடை பிடித்து வருவதை நினைத்து நானும் திரைக்குப் பின்னால் வாயைப் பொத்திக்கொண்டேன். வருஷக்கணக்காக அந்தப் பெண்களுக்குத் துணி கிழித்துக் கொடுத்தவர், அவர்கள் எப்படி வேலை செய்கிறார்கள் என்று ஒருநாளும் கேட்டதில்லை. இவர் அசடு வழிய நின்றார்.

ஆனால் நான் இன்னொன்றையும் பார்த்தேன். எல்லோரும் சிரித்து ஓய்ந்த பிறகு, அந்த அக்கா ஒரு சிவப்புக் குடையை விரித்து, கடைக் கண்ணாடி முன்னால் நின்று, தோளில் சாய்த்து ஒரு சுற்றுச் சுற்றினாள்.

“தொரசாணி கணக்கா இருக்குல்ல?” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

அண்ணன்தான் இல்லையே. நான் திரையை விலக்கி, “தைப்பூசத்துக்குப் புடிச்சிக்கிட்டுப் போங்க அக்கா, வெயிலுக்கு” என்றேன். அவள் யோசித்துவிட்டு வாங்கிக்கொண்டாள். விற்ற ஒரே குடை அதுதான்.

மதியம் சோறு போடும்போது சொன்னேன். “கொஞ்சம் பொறுங்க. மழை விடட்டும். திருவிழாவுக்கு இந்தக் கொடைதான் போகும்.”

“மழைக்கே விக்காத கொடை வெயிலுக்கா விக்கப்போவுது? நீ சும்மா இரு.”

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. கரண்டியைச் சட்டியில் போட்டுவிட்டு எழுந்துபோனேன். இரண்டாவது கரண்டிக் குழம்பு அன்று அவருக்குக் கிடைக்கவில்லை.

பொங்கலுக்கு அண்ணனின் கடிதம் வந்தது. பத்து நாளில் வருகிறாராம். இவருக்குத் தலைகால் புரியவில்லை. அந்த வாரம் லாரியோடு வந்த மொனராகலை வியாபாரி ஒருவரிடம் அத்தனை குடையையும் வாங்கின விலைக்கும் கீழே தள்ளிவிட்டார். மொனராகலை வெயில் எப்படி அடிக்கும் என்பது அந்த மனிதருக்குத் தெரியும். சிரித்துக்கொண்டே ஏற்றிக்கொண்டு போனார்.

அண்ணன் வந்தார். ஒவ்வொரு தட்டாகப் பார்த்தார். குடையில் போன பணத்தை எங்கள் சேமிப்பிலிருந்து கல்லாவில் போட்டிருந்தோம்; குறை சொல்ல ஒன்றும் அகப்படவில்லை. தப்பித்தோம் என்று இவர் எனக்குக் கண்ணைக் காட்டினார். நானும் நிம்மதியாக மூச்சு விட்டேன்.

பூசம் கழிந்த ஞாயிறு, பளீரென்று வெயில். பசறை பஸ்ஸிலிருந்து ஒரு கூட்டமே கடைக்குள் வந்தது. முன்னால் அந்த அக்கா, தோளில் சிவப்புக் குடை.

“மொதலாளி, இவளுக எல்லாருக்கும் இதே மாதிரி வேணுமாம். பூசத்துல சாமியப் பாக்காம என் கொடையத்தான் பாத்தாளுக. எனக்கு மஞ்ச, எனக்கு ஊதான்னு லயத்து வீடுகள்ல ஒரே சண்டை. எடுத்துப் போடுங்க.”

அண்ணன் மெதுவாகத் தம்பியைத் திரும்பிப் பார்த்தார். “என்ன கொடை?”

நம் கடையில் ஏது குடை என்று இவர் ஒரு வார்த்தை சொல்லிச் சமாளித்திருக்கலாம். சமாளிப்பார் என்றுதான் நானும் நினைத்தேன்.

“பன்னெண்டு பெட்டி வாங்கினேன், அண்ணே. நீங்க வர்றீங்கன்னு பயந்து மொனராகலைக்கு வித்துட்டேன்.” திரைப்பக்கம் கையைக் காட்டினார். “அவ சொன்னா. வெயில் வரட்டும், பொறுங்கன்னு சொன்னா. நான்தான் கேக்கல.”

கடை நிறையப் பெண்கள் நிற்க, அண்ணன் எதிரில், பெண்டாட்டி சொன்னதுதான் சரி என்று ஓர் ஆண்பிள்ளை சொல்லி நான் அதுவரை கேட்டதில்லை. கண் நிறைந்துவிட்டது. கப்பலில் ஏற்றினால் ஏற்றட்டும், இவரோடுதானே என்று தோன்றியது.

அண்ணன் வாசலில் அடிக்கிற வெயிலைப் பார்த்தார். வெறும் கையோடு நிற்கிற பெண்களைப் பார்த்தார். பிறகு தம்பியிடம் சொன்னார்.

“நீ வேணும்னா ஊருக்குப் போ. அந்தப் பிள்ள இங்கயே இருக்கட்டும்.”

பெண்கள் கொல்லென்று சிரித்தார்கள். எல்லோரையும்விட உரக்கச் சிரித்தவர் என் வீட்டுக்காரர்தான். எங்கள் பக்கத்தில் புருஷனுடைய அண்ணனோடு பேசுகிற வழக்கம் கிடையாது. எனக்கு எங்கிருந்து தைரியம் வந்ததோ, திரைக்குப் பின்னாலிருந்து சத்தமாகவே சொன்னேன்.

“அவுகளும் இருந்துட்டுப் போகட்டும்.”

அப்படித்தான் நாங்கள் இருவரும் பதுளையில் இருந்துவிட்டோம்.