கட்டைவிரல் வைத்த இடம்

தாட்சாயினிக்கு இடது கையில் மூன்று விரல்கள் மடங்காது. யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில் சிறுமியாக இருந்தபோது ஷெல் துண்டு பட்டு நரம்பு அறுந்துபோனது. பதினான்கு வயதில் பாரிசுக்கு வந்து, புறநகரான பொபினியில் படித்து, கணினி நிரல் எழுதக் கற்று, ஒரு காப்புறுதி நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். இந்துக் குடும்பத்துப் பெண், மன்னார்க் கத்தோலிக்கன் அலெக்சிசைக் கட்டப்போகிறேன் என்று சொன்னபோது இரண்டு வீட்டாரும் எதிர்த்தார்கள். யார் வந்தாலும் வராவிட்டாலும் கலியாணம் நடக்கும் என்று அவளே நாள் குறித்தாள். கடைசியில் எல்லோரும் வந்து மூக்குமுட்டச் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள்.

அலெக்சிசுக்கு லா சப்பலில், தமிழ்க் கடைகள் நிறைந்த ரூ பெர்தொனே தெருவில், கைபேசி திருத்தும் கடை. ஒரு பக்கம் நகைக்கடை, மறுபக்கம் சாப்பாட்டுக்கடை. 2009இல் தொடுதிரைக் கைபேசிகள் அந்தக் கடைக்கு நிறைய வரத் தொடங்கின. அவற்றில் இருந்த விளையாட்டுகளில் திரையின் இடது மூலையில் ஒரு வட்டமும் வலது மூலையில் இரண்டு பொத்தான்களும் வரைந்திருக்கும். வட்டத்தை ஒரு கட்டைவிரலால் தள்ளி நடக்க வேண்டும், பொத்தானை மற்றக் கட்டைவிரலால் அழுத்திப் பாய வேண்டும். தாட்சாயினி ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தாள். கொஞ்ச நேரத்தில் மேசையில் போட்டுவிட்டாள்.

"இதைச் செய்தவனுக்கு, உலகத்திலை எல்லாருக்கும் ரெண்டு கையும் வேலை செய்யுது எண்ட நினைப்பு."

"கத்தாமல் நீர் வேறமாதிரி ஒண்டு செய்து காட்டுமன்," என்றான் அலெக்சிஸ்.

செய்து காட்டினாள். அவள் எழுதிய விளையாட்டில் திரையில் பொத்தானே இல்லை. கட்டைவிரலை எந்த இடத்தில் வைக்கிறோமோ அந்த இடமே வட்டத்தின் நடுவாகிவிடும். அங்கிருந்து விரலைக் கொஞ்சம் இழுத்தால் மெல்ல நடக்கலாம், கூட இழுத்தால் ஓடலாம். விரலை எடுத்து ஒருதரம் தட்டினால் பாயலாம். எல்லாவற்றுக்கும் ஒரே விரல். விளையாட்டும் வேடிக்கையானது: தலையில் பெரிய பலாப்பழத்தோடு ஒரு பெண் கார் து நோர் ரயில் நிலையத்திலிருந்து லா சப்பல் சனத்துக்குள் புகுந்து கடைக்குப் போய்ச் சேர வேண்டும். சடாரென்று நின்றால் பழம் விழுந்துவிடும். "பலா" என்றே பெயர் வைத்தாள்.

அந்த வருடம் அந்தத் தெருவில் யாருக்கும் விளையாடுகிற மனம் இருக்கவில்லை. மே மாதத்தில் ஊரில் நடந்து முடிந்ததை எல்லோரும் சுமந்துகொண்டு திரிந்தார்கள். அப்படியிருந்தும், திருத்தக் கொடுத்துவிட்டுக் காத்து நிற்பவர்களின் கையில் அலெக்சிஸ் தன் கைபேசியைத் திணித்து, "ஒருக்கா விளையாடிப் பாருங்கோ, மனுசி செய்தது," என்பான். அவனுக்கு அதில் அவ்வளவு பெருமை. சிலர் சிரித்தார்கள். சிலர் பழம் விழுந்ததற்குத் திட்டினார்கள். அவர்கள் எங்கே தடுமாறினார்கள் என்று கேட்டுத் தாட்சாயினி திருத்திக்கொண்டே இருந்தாள். 2011இல் இணையக் கடையில் போட்டாள். பெரிய பேர் வரவில்லை. ஆனால் ஒரு கையால் விளையாட முடிகிற விளையாட்டு என்று எங்கெங்கோ இருந்தவர்கள் எழுதினார்கள். பக்கவாதம் வந்தவர்கள், கையில் குழந்தையோடு இருக்கும் தாய்மார், மெட்ரோவில் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பவர்கள். அவளுக்கு அது போதுமாக இருந்தது.

2014இல் ஒரு பெரிய விளையாட்டு நிறுவனத்தின் சட்டத்தரணிகள் அவளுக்கு எழுதினார்கள். விரல் வைத்த இடத்தை நடுவாகக் கொண்டு இயக்கும் முறைக்குத் தாங்கள் 2010இல் விண்ணப்பித்ததாகவும், ஐரோப்பியக் காப்புரிமை இப்போது கிடைத்துவிட்டதாகவும், "பலா" அதை மீறுவதாகவும் சொன்னார்கள். பேசித் தீர்க்கலாம் என்று தங்கள் அலுவலகத்துக்குக் கூப்பிட்டார்கள்.

அலெக்சிஸின் அக்கா மகள் டிலானியையும் கூட்டிக்கொண்டு போனாள். டிலானி பாரிசில் பிறந்தவள். சட்டம் படித்துவிட்டு ஒரு சட்டத்தரணியிடம் பயிற்சியில் இருந்தாள். கண்ணாடிச் சுவர் அறையில் ஒருவர் கோப்பியும் தந்து இனிமையாகப் பேசினார். விளையாட்டை எடுக்கத் தேவையில்லை, பெரிதாக ஒன்றும் கேட்கமாட்டோம், இந்த ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டால் போதும் என்றார். தாட்சாயினி ஆறுதலாக வாசித்தாள். "இம்முறை நிறுவனத்தின் கண்டுபிடிப்பு என்பதை ஏற்றுக்கொள்கிறேன்" என்று ஓர் இடத்தில் இருந்தது.

"இந்த வரியை வெட்டிவிடுங்கள்," என்று பிரெஞ்சில் சொன்னாள்.

"மதாம், எங்களுக்கு அந்த வரிதான் முக்கியம்."

"எனக்கும் அதுதான் முக்கியம்," என்று சொல்லி எழுந்துவிட்டாள். கோப்பி குடிக்காமலே கிடந்தது.

வெளியே வந்ததும் டிலானி பிரெஞ்சில் படபடத்தாள். அவர்கள் இதைவிடப் பெரிய ஆட்களையே பணிய வைத்தவர்கள், வழக்குப் போட்டால் வருடக்கணக்கில் இழுப்பார்கள், கையெழுத்துப் போட்டிருக்கலாம் என்றாள்.

"நான் செய்ததை அவங்கட எண்டு என்ரை கையாலை எழுதிக் குடுக்கச் சொல்லுறாய். எனக்கு வேலை செய்யிறது ஒரு கைதான், பிள்ளை. அதாலை அதைச் செய்யமாட்டன். வேற வழி இருக்கோ, அதைச் சொல்லு."

டிலானி நடந்தபடியே ஒரு வழி சொன்னாள். காப்புரிமை கிடைத்து ஒன்பது மாதத்துக்குள் யார் வேண்டுமானாலும் அதை எதிர்க்கலாம். விண்ணப்பம் போட்ட நாளுக்கு முன்பே அந்த முறை பொதுவில் தெரிந்திருந்தது என்று காட்டிவிட்டால் காப்புரிமை நிற்காது. "நீங்கள் அதுக்கு முதலே கடையிலை காட்டினது எல்லோ, மாமி?"

எதிர்ப்பு மனுவைத் தாட்சாயினி தன் பெயரிலேயே கொடுத்தாள். சில வாரங்களில் நிறுவனத்தின் முறைப்பாட்டால் இணையக் கடையிலிருந்து "பலா" நீக்கப்பட்டது. மறுநாள் அலெக்சிஸ் ஒரு பழைய டேப்லெட்டில் அதைப் போட்டுக் கடை வாசலில் சங்கிலியால் கட்டிவைத்தான். மேலே தமிழிலும் பிரெஞ்சிலும் எழுதி ஒட்டினான்: "தடை செய்யப்பட்ட விளையாட்டு. இஞ்சை விளையாடலாம்." நகைக்கடைக்கு வந்தவர்களும் சாப்பாட்டுக்கு வந்தவர்களும் வரிசையில் நின்றார்கள்.

"அண்ணை, பொலிஸ் வந்தால்?" என்று ஒருவர் கேட்டார்.

"வரட்டும். அவையும் விளையாடட்டும்," என்றான் அலெக்சிஸ்.

ஆனால் விசயம் அவ்வளவு இலேசாக இருக்கவில்லை. பழைய கைபேசியில் இருக்கும் தேதிகளை மாற்ற முடியும் என்று நிறுவனம் பதில் எழுதியது. புருசனும் மனுசியும் சொல்வது தங்களுக்காகத் தாங்களே சொல்லும் சாட்சி என்றும் எழுதியது. அந்த வருடம் கடைக்கு வந்து விளையாடிய வெளியாட்கள், ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகம் இருக்கும் மியூனிக்குக்கு வந்து வாயால் சொல்ல வேண்டும். இருவருக்கும் முதலில் நினைவுக்கு வந்தவர் குணரத்தினம். உணவகச் சமையலறையில் வேலை செய்தவர். பலாப்பழத்தை ஒருமுறைகூடக் கீழே போடாமல் கொண்டுபோய்ச் சேர்த்த முதல் ஆள் அவர்தான்.

குணரத்தினம் கேட்டுவிட்டுத் தலையைக் குனிந்தார். "தங்கச்சி, நான் அந்த வருசம் இஞ்சை நிக்கேல்லை எண்டுதான் என்ரை அகதிக் கேசிலை கிடக்கு. இப்பதான் இஞ்சை இருக்கிறதுக்குக் காட் கிடைச்சிருக்கு. நான் வந்து, அப்ப இஞ்சை நிண்டனான் எண்டு சொன்னால்..."

அலெக்சிஸுக்குக் கோபம் வந்துவிட்டது. "எத்தினை தரம் உங்கட போனைச் சும்மா திருத்தித் தந்தனான் அண்ணை!"

தாட்சாயினி அவனை நிறுத்தினாள். "விடுங்கோ. அவரின்ரை வாழ்க்கையை விசாரணைக்கு வைச்சு நான் வெல்லத் தேவையில்லை. அண்ணை, நீங்கள் வரவேண்டாம். இதைப் பற்றி ஒருத்தரும் உங்களோடை கதைக்கமாட்டினம்."

அதன்பிறகு குணரத்தினம் அந்தத் தெருப்பக்கம் வருவதை விட்டுவிட்டார். தாட்சாயினிதான் அவர் வேலை செய்யும் உணவகத்துக்குப் போய்ச் சாப்பிட்டு, சமையலறைக் கதவால் எட்டி, "குழம்பு திறம், அண்ணை" என்று சொல்லிவிட்டு வருவாள்.

வேறு சிலரைக் கேட்டார்கள். ஒருவருக்கு லீவு இல்லை. ஒருவருக்கு எந்த வருடம் என்று சரியாகத் தெரியவில்லை. அப்போதுதான் பக்கத்து நகைக்கடையில் வேலை செய்யும் ஜெகதீஸ்வரி, யாரும் கூப்பிடாமலே கடைக்குள் வந்தார். ஐம்பதைத் தாண்டியவர், அதிகம் பேசாதவர்.

"என்னை ஏன் கேக்கேல்லை?"

"நீங்கள் விளையாடினது எனக்குத் தெரியாதே, அக்கா," என்றாள் தாட்சாயினி.

"உன்ரை மனுசனுக்குத் தெரியும். அவர் கேக்கமாட்டார். நான் வாறன்."

தாட்சாயினி அலெக்சிஸைப் பார்த்தாள். அவன் கையிலிருந்த திருகாணியைத் திருப்பிக்கொண்டிருந்தான்.

2016 வசந்தத்தில் நான்கு பேரும் ரயிலில் மியூனிக்குக்குப் போனார்கள். விசாரணை அறையில் மூன்று பேர் கொண்ட குழு ஒரு பக்கம். நிறுவனத்தின் சார்பில் வந்தவர்கள் ஒரு மேசை நிறைய. எதிர்ப்பு மேசையில் தாட்சாயினியும் டிலானியும். தனக்காகத் தானே பேசப்போவதாகத் தாட்சாயினி சொன்னாள்.

நிறுவனத்தின் சட்டத்தரணி முதலில் பேசினார். இந்த முறை சாதாரண யோசனை அல்ல, எங்கள் பொறியியலாளர்களின் நீண்ட ஆராய்ச்சியில் பிறந்தது, தனியாள் ஒருவர் அதற்கு முன்பே இதை எட்டியிருப்பார் என்பது நம்பத்தகுந்ததல்ல என்றார்.

தாட்சாயினி தன் இடது கையை மேசைமேல் வைத்தாள். "உங்கள் பொறியியலாளர்கள் ஆராய்ந்துதான் கண்டுபிடித்திருப்பார்கள். நான் அதை மறுக்கவில்லை. எனக்கு ஆராய்ச்சி தேவைப்படவில்லை, இந்தக் கை இருந்தது. உங்கள் விளையாட்டுகளை என்னால் விளையாட முடியவில்லை. அதனால் எழுதினேன். எழுதியதைத் தெருவில் எல்லோருக்கும் கொடுத்தேன். என்னால் செய்திருக்க முடியாது என்று சொல்வதானால் அதற்குக் காரணம் சொல்லுங்கள்."

அதன்பின் ஜெகதீஸ்வரியை உள்ளே கூப்பிட்டார்கள். மொழிபெயர்க்க வந்த இளைஞர் சென்னைக்காரர். ஜெகதீஸ்வரியின் தமிழைப் பிடிக்கக் கொஞ்சம் திணறினார். எப்படி விளையாடினீர்கள் என்று கேட்டார்கள். "பெருவிரலை வைச்சால் அந்த இடத்திலை ஒரு வட்டம் வரும். இழுத்தால் அவள் நடப்பாள்." பாய்வது எப்படி என்று கேட்டபோது, "அது எனக்கு ஞாபகமில்லை. நான் பாயேல்லை, நடந்தனான்," என்றார். இதை இரகசியமாக வைத்திருக்கும்படி யாராவது சொன்னார்களா என்று கேட்டார்கள்.

"இரகசியமோ? வாற போற ஆக்கள் எல்லாருக்கும் விளையாடுங்கோ விளையாடுங்கோ எண்டு அந்த மனுசன் ஒரே கரைச்சல்."

மொழிபெயர்ப்பாளர் நின்றுவிட்டார். "கரைச்சல்னா?"

"தொந்தரவு, தம்பி." குழுவில் ஒருவர் சிரித்துவிட்டார்.

நிறுவனத்தின் சட்டத்தரணி எழுந்தார். ஏழு வருடங்களுக்கு முன் ஒரு கடையில் சில நிமிடங்கள் விளையாடிய ஒன்று. 2009 என்று எப்படி இவ்வளவு நிச்சயமாகச் சொல்கிறீர்கள்? 2010ஆக, 2011ஆக இருக்கக்கூடாதா?

ஜெகதீஸ்வரி தண்ணீரைக் குடித்துவிட்டுச் சொன்னார்:

"அந்த வருசம் மே மாசம் என்ரை தம்பி வன்னியிலை காணாமல் போனவன். அதுக்கு முதல் எனக்கு ஒரு குரல் செய்தி விட்டவன். அது என்ரை போனிலை இருந்தது. ஐப்பசியிலை போன் செத்துப்போச்சு. நான் ஓடிப்போய் அலெக்சிசிட்டைக் குடுத்தன். 'கையிலை இதை வைச்சிருங்கோ அக்கா, நான் எடுத்துத் தாறன்' எண்டு தன்ரை போனைத் தந்தவர். தம்பியின்ரை குரல் இருக்கோ இல்லையோ எண்டு தெரியாமல் நான் நிண்டு பலாப்பழம் சுமந்துகொண்டிருந்தன். கொஞ்ச நேரம் அதிலை மனம் போயிட்டுது. பிறகு எனக்கே வெக்கமாப் போச்சு. அதை ஒருத்தருக்கும் சொல்லேல்லை. எந்த வருசம் எண்டு என்னட்டைக் கேக்காதையுங்கோ, ஐயா. நான் அந்த வருசத்தை வேற வருசத்தோடை மாறாடமாட்டன்."

மொழிபெயர்ப்பாளர் மெல்லிய குரலில் சொல்லி முடித்தார். சட்டத்தரணி தனக்கு வேறு கேள்வி இல்லை என்று உட்கார்ந்தார். தாட்சாயினி முதல்முறையாக இதைக் கேட்கிறாள். தன் மேசையில் இருந்தபடியே அழுதாள், யார் பார்க்கிறார்கள் என்று கவலைப்படவில்லை.

மாலையில் குழு திரும்பி வந்து முடிவைச் சொன்னது. காப்புரிமை ரத்து. நிறுவனம் மேன்முறையீடு செய்தது. அடுத்த வருடம் அதைத் தானாகவே விலக்கிக்கொண்டது. "பலா" இணையக் கடைக்குத் திரும்பி வந்தது.

"இனி யார் வேண்டுமானாலும் இந்த முறையைப் பாவிக்கலாம். அவர்களும்தான். உங்களுக்குக்கூட இது சொந்தமில்லை, மாமி," என்று டிலானி பிரெஞ்சில் சொன்னாள். அவளுக்குக் கொஞ்சம் கவலைதான்.

"எனக்குச் சொந்தமாக்கச் சொல்லி நான் எப்ப கேட்டனான்? ஒருத்தனும் வேலி போடக்கூடாது எண்டுதானே போனனான்."

சில மாதங்களில் அதே நிறுவனம் ஒரு புதிய விளையாட்டை வெளியிட்டது. விரல் வைத்த இடமே நடுவாகும் அதே முறை. தாட்சாயினி அதை இறக்கி, மெட்ரோவில் வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் ஒரு வாரம் விளையாடினாள். பிறகு இணையக் கடையில் தன் முழுப்பெயரோடு பிரெஞ்சில் விமர்சனம் எழுதினாள். விரலை எடுத்தபின் நிற்பதற்குத் தாமதமாகிறது, மூலைகளில் விரல் வைத்தால் வட்டம் வெட்டுப்படுகிறது, ஒரு கையால் விளையாடுகிறவர்களிடம் கொடுத்துப் பார்க்கவில்லை என்று தெரிகிறது. இரண்டு நட்சத்திரம்.

"ரெண்டு ஏன் குடுத்தனீர்?" என்று கேட்டான் அலெக்சிஸ்.

"பாட்டு நல்லாயிருக்கு," என்றாள்.