அம்மாவின் டிஸ்க்கும் காலி டிரைவும்

போர்வைக்குள் இருந்து எழுதுகிறேன். அப்பாவுக்குத் தெரியக்கூடாது.

இறந்துபோன அம்மாவின் குரல் மாமா கல்யாண டிவிடியில் மட்டும்தான் இருந்தது. கீறல் அதிகமானதால், போன வருடம் அதை லேப்டாப்பில் இமேஜ் ஃபைலாக, அதாவது டிஸ்க்கின் முழு நகலாக, ஏற்றினேன். மென்பொருள் ஒன்று, டிஸ்க்கையே உள்ளே போட்டதுபோல, அதைத் தனி டிரைவாகக் காட்டியது. அதிலும் அம்மா பேசினாள்.

"இனி டிஸ்க் வேண்டாங்கப்பா" என்றேன். மினுங்கி மயிலை விரட்டட்டும் என்று அப்பா அதைச் சோளக்காட்டில் கட்டித் தொங்கவிட்டார்.

பிறகு லேப்டாப்பில் இடம் போதவில்லை. டிரைவில் இன்னொரு பிரதி இருப்பதாக நினைத்து இமேஜ் ஃபைலை அழித்துவிட்டேன்.

இன்று சாயங்காலம் அப்பா சொன்னார்: "நாளைக்கு அம்மா திதி. மாமனெல்லாம் வாராங்க. அந்தப் படத்தப் போடு சாமி, அவ பேச்சக் கேக்கோணும்."

திறந்தேன். டிரைவ் காலி. அதில் தனிப் பிரதி எதுவும் இல்லை; நான் அழித்த அந்த ஃபைலைத்தான் இத்தனை நாளும் காட்டியிருக்கிறது.

காட்டுக்கு ஓடினேன். வெயிலில் டிஸ்க்கின் வெள்ளிப்பூச்சு உரிந்து போயிருந்தது; இனி அது ஓடாது.

என் கையில் அதைப் பார்த்த அப்பா சிரித்தார். "அத ஏஞ்சாமி அவுத்துட்டு வந்தே? அதுக்கு ஒரு மயிலுகூடப் பயப்படறதில்ல."

அழித்த ஃபைலை மீட்கும் மென்பொருள்கள் மூன்றைப் போட்டுப் பார்த்தேன்; மூன்றும் கைவிரித்துவிட்டன. வேறு வழி தெரிந்தவர்கள் விடிவதற்குள் சொல்லுங்கள். மயில் பயப்படாத டிஸ்க்குக்கு நான் பயந்துகொண்டிருக்கிறேன்.