தகப்பன்மாருக்கு இண்டர்வியூ

1. ஐந்து மருமகன்மார்

பிரின்சிபால் ரூமில் மணி ஒரு தடவை அடித்தால் பியூனுக்கு, இரண்டு தடவை அடித்தால் எனக்கு. அன்றைக்கு மனுஷர் கையை எடுக்காமல் அடித்துக்கொண்டே இருந்தார். பியூனும் நானும் வாசலில் முட்டிக்கொண்டு உள்ளே ஓடினோம்.

ஐம்பதுகளின் ஆரம்பம் அது. ஜில்லா தலைநகரில் ஒரு கல்லூரி. பெயர் வேண்டாம், சொன்னால் இப்போது அங்கே இருக்கிறவர்கள் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வார்கள். நான் அங்கே அட்மிஷன் கிளார்க். இண்டர்மீடியட் முதல் வருஷத்துக்கு இண்டர்வியூ நடந்துகொண்டிருந்தது. செலக்‌ஷன் கார்டு கிடைத்த பையன் தகப்பனாரோடோ கார்டியனோடோ பிரின்சிபால் முன்னால் வந்து நிற்க வேண்டும். அவர் நாலு வார்த்தை பேசிக் கையெழுத்துப் போட்டால்தான் சீட்டு.

மேஜைக்கு முன்னால் கறுப்பு அல்பாக்கா கோட்டும் நெற்றி நிறையத் திருநீறுமாக ஒருவர் நின்றார். பக்கத்தில் இபுராகிம் என்று ஒரு பையன், தொப்பியைக் கையில் கசக்கிக்கொண்டு நின்றான்.

பிரின்சிபால் கும்பகோணத்துக்காரர். கோபம் வந்தால் இங்கிலீஷ் போய்விடும், 'ஓய்' வந்துவிடும்.

"ஓய், இந்த மனுஷர் காலம்பற கோமதிநாயகம்னு ஒரு பையனுக்குத் தாய்மாமான்னு வந்தார். சரின்னேன். அப்புறம் இன்னொருத்தனுக்கும் தாய்மாமான்னார். இப்போ இந்தப் பையனுக்கும் தாய்மாமாவாம். என்ன ஓய் நடக்கறது இங்கே?"

எனக்கு ஆளைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. சங்கரன்கோவிலில் ரிஜிஸ்டர் ஆபீஸ் முன்னால் பத்திரம் எழுதுகிற சங்கரலிங்கம். எங்கள் ஊர்க்காரர். சித்திரை வெயிலிலும் கோட்டைக் கழற்றாதவர் என்பதால் ஊருக்கே 'கோட்டு அண்ணாச்சி'.

பிரின்சிபால் அவர் பக்கம் திரும்பினார். "உமக்கு மொத்தம் எத்தனை அக்கா தங்கை?"

அண்ணாச்சி அசரவில்லை. "எங்க ஊர்ல எல்லாரும் அக்கா தங்கச்சிதான் சார்."

எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. பிரின்சிபாலுக்கு வரவில்லை. கிண்டிப் பார்த்ததில், அண்ணாச்சி அன்று ஐந்து பையன்களுக்குத் தாய்மாமனாகக் கையெழுத்துப் போடுவதாக இருந்தது. ஐந்து பேரும் சங்கரன்கோவில்.

"பொய் சொல்லிச் சேர்றவா நமக்கு வேண்டாம். சனிக்கிழமை லிஸ்டை மூடறோம். அதுக்குள்ளே பெத்த தகப்பன் எனக்கு முன்னால வரலேன்னா அஞ்சு சீட்டும் வெயிட்டிங் லிஸ்டுக்குப் போயிடும். உம்ம ஊர்தானே ஓய்? நீரே போய் என்னன்னு பார்த்துண்டு வாரும்."

வெளியே வராந்தாவில் கோமதிநாயகம் நின்றுகொண்டிருந்தான். நெசவுக்காரர் வீட்டுப் பையன். கணக்கில் அந்த வருஷம் எங்களுக்கு வந்த அப்ளிகேஷன்களிலேயே அவன் மார்க்தான் மேலே இருந்தது.

"எங்கப்பா வர மாட்டாவ சார். எனக்குச் சீட்டு போயிருமா?"

இவன் அப்பா மேலும் கோட்டு அண்ணாச்சி மேலும் எனக்கு அப்படி ஒரு கோபம் வந்தது. இவ்வளவு மார்க் வாங்கிய பிள்ளைக்கு ஒரு நாள் பஸ் ஏறி வந்து நிற்க ஒரு தகப்பனால் முடியாதா? பல்லைக் கடித்துக்கொண்டு, "நான் பாக்கேன், நீ ஊருக்குப் போ" என்றேன்.

2. அண்ணாச்சி நடத்திய டிரெயினிங்

எங்கள் ஆபீஸில் ஒரு பழைய புதிர் உண்டு. மேற்கே சங்கரன்கோவில், புளியங்குடி, ராயகிரிப் பக்கம் வருஷா வருஷம் செலக்‌ஷன் கார்டு போகும். பாதிப் பேர் வரமாட்டார்கள். ஹெட் கிளார்க் அதற்கு ஒரு காரணம் வைத்திருந்தார். "அந்தப் பக்கத்து ஆளுகளுக்கு எலுமிச்சங்காயும் தறியும் போதும்வே, படிப்புல அக்கறை கெடையாது." அதே பக்கத்திலிருந்து வந்து, அதே ஆபீஸில் உட்கார்ந்திருக்கிற என்னை வைத்துக்கொண்டே சொல்வார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனால் உண்மைக் காரணம் எனக்கும் தெரியவில்லை.

வியாழக்கிழமை முதல் பஸ்ஸில் ஊர் போய் இறங்கினேன். அண்ணாச்சி கீற்றுக் கொட்டகையில் கோட்டோடு உட்கார்ந்திருந்தார்.

"வாங்க தம்பி. என்ன, ஒங்க பிரின்சிபாலு இம்புட்டுக் கோவப்படுதாரு?"

"அண்ணாச்சி, உங்களால அஞ்சு பிள்ளையளுக்குச் சீட்டு போகப் போகுது, தெரியுமா?"

அவர் முகம் அப்படியே விழுந்துவிட்டது. "சீட்டு போயிருமா? நான் நல்லது செய்தேன்னுல்லா நெனச்சேன்" என்றவர், பிறகு ஒன்றுவிடாமல் சொன்னார்.

நாலைந்து வருஷத்துக்கு முன்னால் புளியங்குடியிலிருந்து ஒரு எலுமிச்சை வியாபாரி மகனைக் கூட்டிக்கொண்டு எங்கள் கல்லூரிக்கு வந்திருக்கிறார். பிரின்சிபால் வழக்கம்போல இங்கிலீஷில், பையனுக்கு ஏன் சயின்ஸ் வேண்டும் என்று கேட்டிருக்கிறார். வியாபாரிக்கு வேர்த்து ஊற்றியிருக்கிறது. "எஸ் சார்" என்றிருக்கிறார். வேறு என்னவோ கேட்டதற்கும் "எஸ் சார்". பையனுக்குச் சீட்டு இல்லை. அவனுக்கு மார்க் போதாது என்பது எனக்குத் தெரியும், ஊருக்குத் தெரியாதே. 'தகப்பன் ஃபெயிலாயிட்டான், அதான் மகனுக்குச் சீட்டு இல்ல' என்று புளியங்குடியில் கிளம்பிய பேச்சு, சங்கரன்கோவில் வந்து சேர்வதற்குள் கையும் காலும் முளைத்துவிட்டது.

"பிரின்சிபால் தகப்பன்மாருக்கும் பரிட்ச வைக்காருன்னு ஊரெல்லாம் பேச்சு தம்பி. கார்டுலயும் அப்படித்தான போட்டிருக்கு? பையனும் தகப்பனும் இண்டர்வியூவுக்கு வரணும்னு இங்கிலீஷ்ல அடிச்சிருக்கியளே. நான்தான் எல்லாருக்கும் வாசிச்சிச் சொன்னேன்."

சும்மா வாசித்துச் சொன்னதோடு நிற்கவில்லை. தகப்பன்மாருக்கு டிரெயினிங்கும் கொடுத்திருக்கிறார். சாயங்காலம் சாயங்காலம் ஐந்து பேரையும் கொட்டகையில் வரிசையாக நிறுத்தி, தாம் பிரின்சிபாலாக உட்கார்ந்துகொண்டு, "குட்மார்னிங் சார், மை சன் சார், தேங்க்யூ சார்" என்று சொல்ல வைத்திருக்கிறார். ஒருவர் எடுத்த எடுப்பிலேயே 'தேங்க்யூ' சொல்லிவிட்டுத் திரும்பி நடப்பாராம். இபுராகிமின் வாப்பா, "இதுக்கு நான் அரபு தேசத்துக்கே நடந்து போயிருவேன் அண்ணாச்சி" என்றாராம். கடைசியில் எல்லோருமாகச் சேர்ந்து அண்ணாச்சியையே அனுப்பிவிட்டார்கள்.

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். சிரித்து முடித்ததும்தான் உறைத்தது. எங்கள் ஆபீஸ் புதிருக்கு விடை இதுதான். படிப்பில் அக்கறை இல்லாதவனா பரீட்சைக்கு இப்படிப் பயப்படுவான்?

3. மாடசாமி சொன்னது

கோமதிநாயகத்தின் அப்பா மாடசாமி தறிக்குழியில் கால்களை இறக்கி உட்கார்ந்து நெய்துகொண்டிருந்தார். நான் யார் என்று சொன்னதும் தறியை நிறுத்தினார்.

"அண்ணாச்சி, சனிக்கிழமைக்குள்ள நீங்க வந்து ஒரு கையெழுத்துப் போட்டாப் போதும். வேற ஒண்ணுமே இல்ல."

"அவன் படிச்சிட்டான் தம்பி. நான்தான் படிக்கல. நான் வந்து ஒளறி, அவன் சீட்டு போச்சுன்னா? காலத்துக்கும் என் முகத்தைப் பாத்தா அவனுக்கு அந்த நெனப்புல்லா வரும். நான் வராம இருக்கதுதான் அவனுக்கு நல்லது."

"ஒங்கள ஒருத்தரும் ஒண்ணும் கேக்க மாட்டாவ."

"அது நீங்க சொல்லுதிய. கேக்கப் போறது நீங்க இல்லல்லா?"

கல்லூரி வராந்தாவில் இந்த மனிதர் மேல் வந்த கோபத்தை நினைத்தால் எனக்கே ஒரு மாதிரி இருந்தது. மத்தியான பஸ்ஸைப் பிடித்தேன்.

4. பிரின்சிபால் புறப்பட்டார்

"நான் தகப்பன்மாருக்குப் பரீட்சை வைக்கறேனா? யார் ஓய் சொன்னா?" என்று பிரின்சிபால் குதித்தார்.

"நீங்க வைக்கல சார். அவங்க எழுதிக்கிட்டிருக்காங்க" என்றேன்.

எப்படித்தான் அந்தத் துணிச்சல் வந்ததோ. வேலை போய்விடும் என்றுதான் நினைத்தேன். அவர் எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றார். அங்கிருந்தபடியே, கார்டை யார் இங்கிலீஷில் மட்டும் அடிக்கச் சொன்னது என்று கேட்டார். முந்தின பிரின்சிபால் காலத்திலிருந்து அப்படித்தான் என்றேன். இவர் நல்ல மனுஷர், முந்தினவர் தலையில் போட்டுவிட்டுச் சும்மா இருந்திருக்கலாம். அப்படிச் செய்யவில்லை.

"நாளைக்கு உம்ம ஊருக்கு முதல் பஸ் எப்போ ஓய்?"

வெள்ளிக்கிழமை காலையில் சங்கரன்கோவில் நெசவாளர் சொசைட்டியில் ஒரு மேஜை போட்டோம். தகப்பன்மார் எல்லோரும் தறிக்காரர்கள், நூல் வாங்க நித்தம் வந்து போகிற இடம், அதனால் கூச்சம் இருக்காது என்று நான்தான் யோசனை சொன்னேன். கோட்டு அண்ணாச்சி தெருத்தெருவாகப் போய் ஆள் கூட்டி வந்தார். பிரின்சிபால் தமிழிலேயே பேசினார். முதலில் வந்த இபுராகிமின் வாப்பா வணக்கம் சொல்லி, மகன் பெயரைச் சொல்லி, கையெழுத்துப் போட்டுவிட்டு, "அம்புட்டுத்தானா?" என்று கேட்டார். "அவ்வளவுதான்" என்றார் பிரின்சிபால். வெளியே காத்திருந்தவர்களிடம் வாப்பா, "ஒண்ணுமில்லப்பா, பாவம், நல்ல மனுசரு" என்று சொன்னது உள்ளே நன்றாகக் கேட்டது.

நாலு பேர் முடிந்தார்கள். மாடசாமி வரவில்லை. கோமதிநாயகம் வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்துகொண்டிருந்தான். மத்தியானம் தாண்டியது. விட்டால் மறுநாள் லிஸ்ட் மூடிவிடும்.

"வீடு எங்கேப்பா?" என்று கேட்டு, பிரின்சிபால் செருப்பை மாட்டினார்.

5. தறிக்குழி ஓரத்தில்

எங்களைக் கண்டதும் தறிச் சத்தம் நின்றது. மாடசாமி குழிக்குள் இருந்தார். பிரின்சிபால் ஆறடி உயரம். அவர் நின்றுகொண்டு பேசினால் மாடசாமி ஆகாயத்தைப் பார்க்கிற மாதிரி பார்க்க வேண்டும். பிரின்சிபால் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, வெள்ளை வேட்டியோடு அப்படியே குழியோரத்துத் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"நான் உங்களை ஒண்ணும் கேக்க வரலை. நீங்க பெத்த பிள்ளையை எங்ககிட்டே விடப் போறேள். நீங்கதான் என்னைக் கேக்கணும். கேளுங்கோ."

மாடசாமி என்னைப் பார்த்தார். கேளுங்கள் என்று தலையாட்டினேன். பாவு நூலைத் தடவிக்கொண்டே கேட்டார்.

"அங்கன சோறு எப்படிப் போடுவிய?"

"வயிறு நிறையப் போடுவோம். ரசம்தான் சுமாரா இருக்கும்."

"காய்ச்ச தலவலின்னா யாரு பாப்பாவ?"

"வார்டன் பக்கத்திலேயே இருப்பார். டாக்டர் வருவார்."

"கணக்கு நல்லாப் போடுதான்னு வாத்தியாருமாரு சொல்லுதாவ. அத வச்சி அவன் என்னதான் ஆவான்?"

பிரின்சிபாலுக்கு நெற்றியில் வேர்த்தது. இஞ்சினியர் ஆகலாம், வாத்தியார் ஆகலாம், கட்டாயம் ஆவான் என்று என்னால் சத்தியம் பண்ண முடியாது, சொல்லிக்கொடுக்க ஆள் இருக்கிறார்கள் என்று மட்டும் சொல்வேன் என்றார். புரொபசர்களை நடுங்க வைக்கிற மனுஷர் பதிலுக்குத் திணறுவதைப் பார்க்க எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அதில் என்ன ஒளிவு மறைவு?

மாடசாமி கடைசியாக ஒன்று கேட்டார். "எப்பமாச்சும் நான் வந்தா, என்ன உள்ள விடுவியளா? இந்த வேட்டியோட?"

எங்கள் கல்லூரியில் பார்வையாளருக்கு ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் அனுமதி. அதுவும் வாசல் கேட்டோடு சரி. அந்த ரூலைப் போட்டவரே இவர்தான். அவர் என்னைப் பார்த்தார். நான் நூல் கட்டைப் பார்த்தேன்.

"என்னைக்கு வேணும்னாலும் வாங்கோ. நேரா என் ரூமுக்கு வாங்கோ."

மாடசாமி கையைத் துண்டில் துடைத்துக்கொண்டார். "ஏலே, சார்கிட்ட பேனாவ வாங்கு" என்றார் மகனிடம். எழுத்துக் கூட்டிக் கூட்டித் தம் பெயரை எழுதினார். கோமதிநாயகம் அழுதுவிட்டான்.

6. பிறகு

அடுத்த வருஷத்திலிருந்து கார்டைத் தமிழில் அடித்தோம். மேற்குப் பக்கத்துப் பையன்களுக்குச் சங்கரன்கோவிலிலேயே இண்டர்வியூ வைத்தோம். முதலில் பெற்றவர்கள் கேட்பார்கள், பிறகுதான் நாங்கள். ராயகிரியிலிருந்து வந்த, விவசாயம் பார்க்கிற ஒரு சம்சாரி ஹாஸ்டல், குளியலறை, வாத்தியார் என்று குடைந்து குடைந்து கேட்டுவிட்டு, "சரிப்பட்டு வராது" என்று மகனை வேறு கல்லூரிக்குக் கூட்டிப்போய்விட்டார். பிரின்சிபாலுக்கு வருத்தம்தான். ஆனால் அடுத்த மாதமே ஹாஸ்டல் குளியலறையை இடித்துக் கட்டினார். கார்டு போன பையன்கள் அநேகமாக எல்லோரும் வந்து சேர ஆரம்பித்தார்கள். ஹெட் கிளார்க் எலுமிச்சங்காயைப் பற்றிப் பேசுவதை விட்டார்.

பாவம், கோட்டு அண்ணாச்சிதான். ஒரே நாளில் ஐந்து மருமகன்மாரும் போய்விட்டார்கள் அல்லவா? கொஞ்ச நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்தார். கார்டு வருகிற வீடுகளுக்கு விவரம் சொல்லும் வேலையை அவரிடமே கொடுத்ததும் பழையபடி ஆகிவிட்டார்.

அந்த முதல் வருஷம் தீபாவளி கழிந்து ஒரு வேலை நாள். பிரின்சிபால் ரூமில் துறைத் தலைவர்கள் கூட்டம். நான் ஃபைலோடு நின்றிருந்தேன். வாசலில் பியூன் யாரையோ மறிப்பதும், "பிரின்சிபாலு நேரா வரச் சொல்லிருக்காவ" என்று ஒரு குரலும் கேட்டது. மாடசாமி உள்ளே வந்தார். பிரின்சிபால் எழுந்தார். அவர் எழுந்ததால் புரொபசர்களும் எழுந்தார்கள். நான் நாற்காலியை இழுத்துப் போட்டேன். மாடசாமி உட்கார்ந்தார்.

"பையனைக் கூப்பிடச் சொல்லட்டுமா?" என்று பிரின்சிபால் கேட்டார்.

"வேண்டாம்யா. படிக்கட்டும்."

"பின்னே என்ன விஷயம்?"

"ஒண்ணுமில்ல. உள்ள விடுதியளான்னு பாக்க வந்தேன்."

தண்ணீர் வாங்கிக் குடித்தார், கும்பிட்டார், பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

அட்மிஷன் ஒழுங்காக நடக்கிறதா என்று பார்க்க அதற்கப்புறம் எத்தனையோ கமிட்டிகள் வந்தன. ஃபைலைப் புரட்டி, காப்பி குடித்து, 'திருப்தி' என்று எழுதிவிட்டுப் போவார்கள். மாடசாமி மாதிரி ஒருவரும் பரிசோதித்தது இல்லை. இப்போது அட்மிஷன் கிளார்க் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிற தம்பிமாருக்கு நான் சொல்ல இருப்பது ஒன்றுதான். வரவில்லை என்று யார் பெயரையும் அடிப்பதற்கு முன்னால், அவர் எதற்குப் பயந்து வராமல் இருக்கிறார் என்று ஒரு நடை போய்க் கேட்டுவிட்டு வாருங்கள்.