மஞ்சள் துணியில் அம்மாவின் முடி

அம்மாவின் உச்சந்தலையில் அந்த ஊதாத் திட்டு வந்தபோது, தாழ்வான வாசல் நிலையில் இடித்துக்கொண்டாள் என்றே நினைத்தோம். மஞ்சள் பற்றுப் போட்டோம். அது ஆறாமல் படர்ந்தது. சீப்பு பட்டாலே ரத்தம் கசிந்தது. அறுபத்தைந்தைத் தாண்டியவள், "தானா ஆறீரும் சாமி" என்று நான்கு மாதம் என்னை ஏய்த்தாள். நானும் ஏமாந்தேன். இன்றும் அது உறுத்துகிறது.

சென்னைப் பட்டணத்துப் பெரிய ஆசுபத்திரியில், இது ரத்தக் குழாயில் அபூர்வமாக வரும் புற்று என்றார் டாக்டர். எக்ஸ்ரே கதிரால் சுட்டுப் பார்க்கலாம், தாமதித்தால் பயனில்லை. அதற்குத் தலையை மழிக்க வேண்டும். அங்கேதான் அம்மா முரண்டு பிடித்தாள். திட்டு வந்த அன்றே திருச்செங்கோட்டு மலைக்கு முடியை நேர்ந்திருந்தாளாம்.

"சாமிக்குன்னு சொன்ன முடியுங்க. இங்க குப்பையில உழுகக்கூடாதுங்க. தேர் முடிஞ்சு வாரேனுங்க."

தேருக்கு மூன்று மாதம் இருந்தது. எனக்கு முன்கோபம் அதிகம். "மலையேற நீ இருக்கோணுமல்ல?" என்று வார்டே திரும்பிப் பார்க்கக் கத்திவிட்டேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எனக்கே என்மேல் வெறுப்பாக இருந்தது. கடைத்தெருவுக்குப் போய்த் துணி வாங்கி, மஞ்சளில் நனைத்துக் காயவைத்துக் கொண்டுவந்தேன்.

"ஒரு முடிகூடக் கீழ உழுகாது. நானே ஏந்திக்கறேன். மலையில நீயே கொண்டுபோய்ப் போடு."

துணியைத் தொட்டுப் பார்த்துவிட்டுச் சரியென்று தலையாட்டினாள்.

மறுநாள் நாவிதர் மழிக்க மழிக்க, துணியை விரித்தபடி கூடவே குனிந்து நகர்ந்தேன். பக்கத்துக் கட்டில்காரர்கள் சிரித்தார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும்.

கதிர் வைத்த முதல் சில நாள், "சூடே தெரியலியே சாமி" என்றாள். பிறகு தோல் சிவந்து உரிந்து நீர் வடிந்தது. தண்ணீரோ எண்ணெயோ படக்கூடாது. வெள்ளிக்கிழமை முழுக்குக்கு ஏங்கினாளே தவிர, வலிக்கிறது என்று ஒருநாளும் சொல்லவில்லை. மெல்லத் திட்டு வாடி அடங்கியது.

ஐந்து மாதம் கழித்து அந்த மஞ்சள் துணி முடிப்போடு மலையேறினோம். துணியை அவிழ்த்து அவளே காணிக்கை போட்டாள். புதிதாக முளைத்திருந்ததையும் எடுக்கச் சொல்லி உட்கார்ந்தாள். உச்சியில் உள்ளங்கை அகலத்துக்கு முடியே இல்லை. கத்தியை நிறுத்திவிட்டு, இங்கே என்ன ஆயிற்று என்று கேட்டார் மலை நாவிதர்.

"அந்த எடத்த மட்டும் டாக்டருக்குக் குடுத்துட்டனுங்க" என்றாள்.

அடுத்த தேருக்குள் காதோரம் மறுபடி ஊதா படர்ந்தது. பட்டணம் போகலாம் என்றேன். முடியாது என்றாள். இந்த முறை நான் கத்தவில்லை.