நடு ஏரியில் நின்ற மோட்டார்

படகுத்துறைக்குப் பின்னால் பட்டறை வைத்திருந்த மெக்கானிக்கை ஊரே ‘நாளைக்கு’ என்றுதான் கூப்பிட்டது. எந்த மோட்டாரைக் கொண்டு போனாலும் அவர் வாயில் முதலில் வருவது அந்தச் சொல்தான். “எமன் வந்தாக்கூட நாளைக்கு வான்னுதான் சொல்வாரு” என்று அவர் மனைவியே சிரிப்பாள். சோம்பேறி என்று யாரும் சொல்லிவிட முடியாது. பிரித்த மோட்டாரின் கடைசித் திருகு வரை துடைத்து வைக்காமல் மூட அவருக்கு மனம் வராது, அவ்வளவுதான்.

அவருடைய தங்கை கணவன் ஏரியில் ஆள் ஏற்றும் படகு ஓட்டினான். ஒருநாள் சாயங்காலம் அக்கரையில் எல்லோரையும் இறக்கிவிட்டு வெறும் படகோடு திரும்பும்போது பெருங்காற்று பிடித்துக்கொண்டது. மறுநாள் படகு கோரைப் புல் ஓரமாகக் கவிழ்ந்து கிடந்தது. அவனையும் காணோம், பின்னால் மாட்டியிருந்த மோட்டாரையும் காணோம். முங்கித் தேடியவர்கள் சில நாள் கழித்து மேலே கொண்டுவந்தது மோட்டாரை மட்டும்தான்.

மெக்கானிக் அதை வாங்கிய கையோடு பட்டறையிலிருந்த தண்ணீர்ப் பீப்பாய்க்குள் இறக்கிவைத்தார். நாளைக்குப் பிரிக்கலாம் என்று கருவிகளை எடுத்து வைத்துக்கொண்டிருந்தபோது தங்கை வந்து நின்றாள். தலை வரைக்கும் தண்ணீருக்குள் இருந்த மோட்டாரைப் பார்த்தாள்.

“வெளிய எடுண்ணே. இன்னும் எவ்வளவு நேரம் முங்கியே கிடக்கும்?”

“பிரிக்கறப்பத்தான் எடுக்கணும்மா. தண்ணிக்குள்ள இருக்கற வரைக்கும் உள்ள அவ்வளவா துரு ஏறாது. காத்து பட்டாத்தான் கெட்டுப் போகும்.”

அவள் பீப்பாயின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். “அப்ப தண்ணிக்குள்ள இருந்தா எதுவும் கெடாதா?”

மோட்டாருக்குச் சொன்ன பதில் எங்கே போய்த் தைத்திருக்கிறது என்று மெக்கானிக்குக்கு அப்போதுதான் உறைத்தது. மோட்டாரை வெளியே தூக்கினார். வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு வேலையை நாளைக்குத் தள்ளாமல் அந்த நிமிடமே தொடங்கினார்.

மூடியைக் கழற்றிச் சேற்றைக் கழுவினார். பிளக்குகளைக் கழற்றி, துளைகள் கீழே பார்க்கும்படி மோட்டாரைச் சாய்த்து, மேலே இருந்த சக்கரத்தைக் கையால் மெல்லத் திருப்பினார். பழுப்புத் தண்ணீர் விட்டுவிட்டுத் துப்பியது. சக்கரம் எங்கும் முட்டாமல் வழுக்கிக்கொண்டு சுற்றியது. ஓடும்போது மூழ்கிய மோட்டார் தண்ணீரை உறிஞ்சி, உள்ளே தண்டு வளைந்து, பெரும்பாலும் இறுகிப் போயிருக்கும். இதில் ஒரு வளைவும் இல்லை.

“பொழச்சிக்கும்மா” என்று சந்தோஷமாகச் சொன்னவரின் கை அப்படியே நின்றது. கியரைப் பார்த்தார். அது நியூட்ரலில் இருந்தது; யாராவது கையால் மாற்றினால்தான் அப்படி இருக்கும்.

தங்கை விவரம் கெட்டவள் இல்லை. “ஓடாம நின்னப்பத்தான் முழுகியிருக்கு. அப்படித்தானே?”

“ஆமா.”

“அவ்வளவு காத்துல எதுக்கு நிறுத்தினாரு?”

“பாசி கீசி சுத்தியிருக்கும். எடுத்துவிட நிறுத்தியிருப்பான்.”

“நீ கழுவறப்ப நானும் பாத்துக்கிட்டுத்தானேண்ணே இருந்தேன். புரொபெல்லர்ல ஒரு இழை பாசி இல்ல. டேங்க்ல பெட்ரோலும் இருந்துச்சு.”

நடு ஏரியில், காற்றில், படகுக்காரன் தானாக மோட்டாரை நிறுத்துகிறான் என்றால் தண்ணீரில் யாரோ கிடக்கிறார்கள் என்று அர்த்தம். அது அந்தத் துறையில் எல்லோருக்கும் தெரியும். ஆனால் அன்றைக்கு வேறு எந்தப் படகும் ஏரிக்குள் போகவில்லை. இரு கரையிலும் வேறு யாரும் காணாமல் போகவில்லை.

“யாருண்ணே அவரைக் கூப்பிட்டது?” என்றாள் தங்கை.

மெக்கானிக் கார்பரேட்டரைக் கழற்றுவதில் மும்முரமாக இருப்பதுபோல் குனிந்துகொண்டார்.

பொழுது சாய்வதற்குள் மோட்டார் புகை கக்கிக்கொண்டு உயிர் பெற்றது. “வித்துடு, கண்ணுல படாம இருக்கறது நல்லது” என்றாள் மெக்கானிக்கின் மனைவி. தங்கை கேட்கவில்லை. படகைச் செப்பனிட்டு, அதே மோட்டாரை மாட்டி, அவளே ஆள் ஏற்றத் தொடங்கினாள். கெட்டிக்காரி, ஒரு மாதத்தில் கணவனைவிட நேராகப் படகு விட்டாள். ஒரே ஒரு வழக்கம் மட்டும் ஒட்டிக்கொண்டது. நடு ஏரிக்கு வந்ததும் மோட்டாரை நிறுத்திவிடுவாள். கொஞ்ச நேரம் கழித்துத்தான் மறுபடி கயிற்றை இழுப்பாள். “சூடாயிடுச்சு, ஆறட்டும்” என்று பயணிகளிடம் சொல்வாள். முணுமுணுத்தவர்களும் நாளடைவில் பழகிவிட்டார்கள்.

சூடாவதாக இருந்தால் தன் வேலையில்தான் குறை என்று மெக்கானிக்குக்குக் குடைந்தது. ஒருநாள் மத்தியானம் அவளோடு தனியாகப் படகில் ஏறினார். காற்றே இல்லை. ஏரி கண்ணாடித் தகடு மாதிரி கிடந்தது. நடுவில் அவள் மோட்டாரை நிறுத்தினாள். அவர் மூடியைத் தொட்டுப் பார்த்தார். இளஞ்சூடுதான்.

“நல்லாத்தானம்மா இருக்கு.”

“பேசாத இருண்ணே.”

அலை இல்லாத தண்ணீரில், படகின் அடிப்பலகையில், அவர் காலுக்கு நேர் கீழே ஏதோ தட்டியது. விரல் மடக்கிக் கதவைத் தட்டுகிற மாதிரி, மெதுவாக, இரண்டு தடவை.

தங்கை அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். “கேட்டுச்சா?”

“இல்லம்மா” என்றார்.

அவள் கயிற்றை இழுத்து மோட்டாரை ஓடவிட்டாள்.

அந்தப் படகு இன்றும் ஓடுகிறது. மோட்டாருக்கு ஒரு குறையும் வந்ததில்லை. மெக்கானிக் மட்டும் அக்கரையில் வேலை இருந்தால், ஏரியைச் சுற்றிக்கொண்டு போகும் பஸ்ஸில்தான் போகிறார்.