அச்சன்புதூருக்கு ஒரு செயலாளர்

என் வீட்டுக்காரருக்கு ஒரு காப்பி கொடுக்க வேண்டும் என்றால் மூன்று தடவை கேட்க வேண்டும். முதல் தடவை, "இப்பந்தான் குடிச்சிட்டு வந்தேன்" என்பார். குடித்திருக்க மாட்டார். இரண்டாவது தடவை, "உங்களுக்கு எதுக்குச் சிரமம்" என்பார். மூன்றாவது தடவை, "சரி, ரொம்பச் சொல்லுதீய, அரை கிளாஸ் குடுங்க" என்று வாங்கி முழு கிளாஸையும் குடித்து முடிப்பார். என்னைப் பெண் பார்க்க வந்த அன்றும் இதே கூத்துதான். பெண்ணைப் பிடித்திருக்கிறதா என்று என் அப்பா கேட்டார். "பெரியவங்க இஷ்டம்" என்றார். மறுபடி கேட்டதற்கு, "நான் என்னத்தச் சொல்ல" என்றார். என் அப்பாவுக்கு மூன்றாவது தடவையும் கேட்கப் பொறுமை இருந்தது. அந்தப் பொறுமையால்தான் நான் இருபத்தெட்டு வருடமாக இங்கே மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன்.

அச்சன்புதூரில் பாதிப் பேர் இப்படித்தான். கேட்டதும் சரி என்று சொல்லிவிட்டால் அலைகிறவன் என்று பேராகிவிடுமாம். ஆனால் மற்றவர்களுக்கு இது ஒரு பேச்சு. இவருக்கு இது உடம்போடு பிறந்தது.

பேர் சிவனணைந்தபெருமாள். எந்தப் படிவத்திலும் கட்டத்துக்குள் அடங்காத பேர். ரேஷன் கார்டில் பாதிப் பேர் ஒரு வரியில் இருக்கும், மீதி அடுத்த வரிக்கு இறங்கியிருக்கும். இரண்டு ஏக்கர் வயல், வீட்டு முன்னால் நான் நடத்துகிற மாவு மில், அப்புறம் கட்சி. இதுதான் அவர் சொத்து. மூன்றாவதைச் சொத்து என்று சொல்ல எனக்கு வாய் கூசுகிறது.

பத்தொன்பது வயதில் மைதாப் பசை காய்ச்சிப் போஸ்டர் ஒட்டப் போனவர். இப்போது ஐம்பத்து மூன்று. ஊரில் யார் வீட்டில் சாவு, துட்டி என்றாலும் முதல் ஆளாகப் பந்தல் கம்போடு நிற்பார். மாநாட்டுக்கு வேன் பிடிப்பார், ஆள் ஏற்றுவார், திரும்பி வரும்போது விட்டுப்போன செருப்பு யாருடையது என்று வீடு வீடாகக் கேட்டுக்கொண்டு போவார். கையெழுத்து அச்சடித்த மாதிரி இருக்கும் என்பதால் கட்சியின் தீர்மானப் புத்தகத்தை இவர் தலையில் கட்டிவிட்டார்கள். ஊரிலிருந்து போகிற மனுக்களும் இவர் கைதான். வாறுகாலில் சாக்கடை அடைத்துவிட்டதா, தெரு விளக்கு எரியவில்லையா, குளத்து மடை உடைந்துவிட்டதா, இரண்டு பக்கம் அழகாக எழுதுவார். எழுதி எடுத்துக்கொண்டு போய் நமசிவாயம் அண்ணாச்சி வீட்டு வாசலில் நிற்பார். பேரூர் செயலாளர் அவர்தான். அவர் சாப்பிட்டு, கை கழுவி, கண்ணாடியைத் தேடி எடுத்துக் கையெழுத்துப் போட்டால்தான் அது மனு.

ஒரே ஒரு நாள், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டே என்னிடம் சொன்னார். "ஒரு மனுவுக்காவது கீழ என் கையெழுத்து இருக்கணும்ட்டி. ஆபீசர் நிமிந்து பாத்து, நீங்கதானா சிவனணைந்தபெருமாள்னு கேக்கணும்." இவ்வளவுதான் ஆசை. இதை என்னைத் தவிர ஒருத்தரிடமும் சொன்னதில்லை.

இந்த வருடம் கட்சியில் அமைப்புத் தேர்தல் அறிவித்தார்கள். நமசிவாயம் அண்ணாச்சிக்கு இரண்டு முட்டியும் போய்விட்டது. இனிமேல் தன்னால் முடியாது, அடுத்தது சிவனணைந்தபெருமாள்தான் என்று அவரே ஊரெல்லாம் சொல்லிவிட்டார். மில்லுக்கு மிளகாய் திரிக்க வருகிறவர்களெல்லாம், "என்ன அனுசியா, இனிமே செயலாளர் வீட்டு மில்லா" என்று கிண்டல் பண்ணினார்கள். நானும் சிரித்துவைத்தேன். எனக்கும் பேரூர்க் கமிட்டியில் ஒரு பதவி உண்டு. பொம்பளை ஒருத்தி கட்டாயம் வேண்டும் என்று எட்டு வருடத்துக்கு முன் இவரே என் பேரைத் துணைச் செயலாளராகப் போட்டுவிட்டார். என்னைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் முதல் தடவையே முடியாது என்றிருப்பேன், அதற்கு அதுதான் அர்த்தமும்.

தேர்தல் கூட்டத்துக்கு முந்தின நாள் மத்தியானம் தீர்மானப் புத்தகத்தை விரித்துவைத்து எழுதிக்கொண்டிருந்தார். கூட்டம் நடக்கும் முன்பே கூட்டத்தில் நடந்ததை எழுதிவைத்துவிடுவது இவர் பழக்கம். தலைமை தாங்கியவர், வரவேற்றவர், தீர்மானம் ஒன்று, தீர்மானம் இரண்டு என்று எல்லாம் தயாராக இருக்கும். பிரியாணி வந்துவிட்டால் கையெழுத்துப் போட ஒருத்தனும் நிற்க மாட்டான் என்பதால் இந்த ஏற்பாடு. நான் கிட்டே போனதும் புத்தகத்தை மூடினார்.

"உங்க பேர எழுதியாச்சா?" என்றேன்.

"கூட்டம் சொல்லாம நான் எப்படி எழுத? பேருக்கு மட்டும் இடம் விட்டுருக்கேன்."

"நாளைக்குத் தேர்தல் நடத்த வாறவரு ஈரோட்டுப் பக்கத்து ஆளாம். அவருக்கு நம்ம ஊரு வழக்கமெல்லாம் தெரியாது. கேட்ட ஒடனே சரின்னு சொல்லிருங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

"எனக்குத் தெரியாதாட்டி? முறைன்னு ஒண்ணு இருக்குல்லா. எடுத்த எடுப்புல சரின்னா நாலு பேரு என்ன நினைப்பான்?"

அந்த நாலு பேர் யார் என்று கல்யாணம் ஆன நாளிலிருந்து கேட்கிறேன். இன்றுவரை காட்டித்தரவில்லை.

கூட்டம் கல்யாண மண்டபத்தில், காலை பத்து மணிக்கு. வெளியே சாரல் நசநசவென்று விழுந்துகொண்டிருந்தது. தேர்தலை நடத்தித் தர வந்த பொறுப்பாளர் முத்துகுமரன் குற்றாலத்தில் குமரகுருவின் லாட்ஜில் தங்கியிருந்தார். குமரகுரு எங்கள் ஊர்ப் பையன்தான், முப்பத்தாறு வயது, கட்சிக்கு வந்து நாலு வருடம். அருவியில் தண்ணீர் நன்றாக விழுகிற நேரம். பொறுப்பாளருக்கு எண்ணெய் தேய்த்துவிட ஆள் சொல்லியாயிற்று, பன்னிரண்டு மணிக்குள் போனால்தான் மெயின் அருவியில் தலையைக் காட்டலாம் என்று யாரோ அவர் காதில் போட்டிருந்தார்கள். துண்டையும் சோப்பையும் காரிலேயே வைத்திருந்ததை நானே பார்த்தேன். மனுஷன் மேடையில் உட்கார்ந்ததிலிருந்து மணிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நமசிவாயம் அண்ணாச்சி உட்கார்ந்தபடியே இவர் பேரை முன்மொழிந்தார். மூன்று வார்டுப் பிரதிநிதிகள் ஒரே நேரத்தில் வழிமொழிந்தார்கள். எல்லோரும் கை தட்டினார்கள். இவர் சலவை வேட்டி சரசரக்க எழுந்து நின்றார்.

"அய்யா, உங்களுக்குச் சம்மதங்களா?" என்று பொறுப்பாளர் கேட்டார்.

இவர் கையைக் கூப்பினார். "எனக்கு எதுக்குங்க பதவி? எப்பவும் போல வேலை பாத்துட்டுப் போறேன். இளைஞர்கள் யாராவது வரட்டும்."

மண்டபத்தில் எல்லோருக்கும் சந்தோஷம். எவ்வளவு தன்மையான ஆள் என்று ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். நான் ஒரு விரலை மடித்தேன்.

"அப்படிச் சொல்லாத, நீயே இரி" என்றார் நமசிவாயம் அண்ணாச்சி.

"இல்ல அண்ணாச்சி, உடம்பும் முன்ன மாதிரி இல்ல. என்னய விட்டுருங்க."

இரண்டு முடிந்தது. மூன்றாவதைச் சும்மா கேட்கக் கூடாது. கேட்கிறவர் எழுந்து போய்க் கையைப் பிடித்துக் கேட்க வேண்டும், அதுதான் எங்கள் ஊர் மரியாதை. நமசிவாயம் அண்ணாச்சி எழுந்திருக்கத்தான் பார்த்தார். நாற்காலியின் இரண்டு கையையும் அழுத்தி எம்பினார். முட்டி நிமிரவில்லை. பக்கத்தில் இருந்தவர் தோளைப் பிடித்து மறுபடி எம்பினார். அதற்குள் பொறுப்பாளர் மணியைப் பார்த்துவிட்டார்.

"அதான் ரெண்டு வாட்டி வேண்டாங்கறாருங்களே, வற்புறுத்தறது முறையில்லீங்க. இளைஞர்னு அவரே வழி காட்டிட்டாரு. குமரகுரு, நீங்க இருக்கீங்களா?"

குமரகுரு இவர் பக்கம் ஒரு தடவை பார்த்தான். அப்புறம், "சரிங்க" என்றான். அவன் மேல் எனக்குக் கோபமே வரவில்லை. கேட்டார்கள், சொன்னான். வாய் இருக்கிறவன் அப்படித்தான் சொல்லுவான்.

நான் எழுந்துவிட்டேன். நாலு பொம்பளைகள் உட்கார்ந்திருந்த கடைசி வரிசையிலிருந்து, "ஐயா, அவருக்கு வேணும்" என்றேன். சத்தமாகத்தான் சொன்னேன்.

இவர் திரும்பி, "ஏட்டி, நீ இரி" என்றார்.

"அவ சொல்லுததுதான் சரி" என்றார் பாதி எழுந்து நின்ற நமசிவாயம் அண்ணாச்சி. "தம்பி, அவன் சும்மா சொல்லுதான்."

பொறுப்பாளருக்கு ஒன்றும் புரியவில்லை. இவரை நேராகப் பார்த்துக் கேட்டார். "அய்யா, நீங்க சும்மாதான் சொன்னீங்களா?"

மண்டபமே இவர் வாயைப் பார்த்தது. ஆமாம் என்று ஒரு வார்த்தை. தலையை ஆட்டியிருந்தாலும் போதும். நான் என் சேலை முந்தானையைக் கசக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன்.

"இல்ல" என்றார். "மனசாரத்தான் சொன்னேன்."

பதினொன்றே காலுக்குப் பொறுப்பாளரின் கார் குற்றாலம் ரோட்டில் போய்விட்டது.

பிரியாணியைத் தொடாமல் நான் வெளியே வந்தேன். சாரலில் நனைந்துகொண்டே அவர் வண்டியில் பின்னால் உட்கார்ந்து வந்தேன். வாயை அடக்கிப் பார்த்தேன், பாதி வழிக்கு மேல் முடியவில்லை.

"மூணாவது தடவையும் கேட்டாருல்லா. அப்பவாவது சொல்லித் தொலைச்சிருக்கலாம்லா?"

  "அவரு பதவி வேணுமான்னு கேக்கலட்டி. நான் பொய் சொன்னேனான்னு கேட்டாரு. அத்தன பேரு முன்னால என்னன்னு சொல்ல?"

எனக்கு அவரைப் பிடித்து உலுக்க வேண்டும் போல இருந்தது. அவர் முதுகில் சட்டை நனைந்து ஒட்டியிருந்தது. நேற்றுத்தான் அந்தச் சட்டையை நான் தேய்த்துக் கொடுத்தேன்.

சாயந்திரம் தீர்மானப் புத்தகத்தைக் கொண்டுவந்து மில்லில் என் முன்னால் வைத்தார். துணைச் செயலாளர் கையெழுத்துப் போட வேண்டுமாம். புரட்டினேன். எல்லாம் அச்சடித்த மாதிரி எழுத்து. "பேரூர் செயலாளராகத் திரு." வரைக்கும் முந்தின நாள் பேனா, நீல மை. அப்புறம் கறுப்பு மையில் குமரகுரு. அந்தப் பேருக்குப் பின்னால் இன்னும் அதே அளவுக்கு வெறும் இடம். அதில் ஸ்கேல் வைத்து நேராக ஒரு கோடு இழுத்திருந்தார். கோடு முடிகிற இடத்தில் மறுபடி நீல மை, "அவர்கள் ஏகமனதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்."

"எதுக்கு இவ்வளவு இடம் விட்டிய?" என்றேன்.

"பேரு கொஞ்சம் பெருசா இருந்தா கொள்ளணும்லா."

"ஊர்லயே அவ்வளவு பெரிய பேரு யாருக்கு இருக்கு?"

 அவர் பேனாவை என் பக்கம் தள்ளி, "போடு, குமரகுரு காத்துக்கிட்டு இருப்பான்" என்றார். நான் போட்டேன்.