நேற்றுப் போன மீன்கொத்தி

ஈஜோக் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் கேட்டைக் காக்கும் ஜாகா அவர். என்னை அவரளவுக்கு எரிச்சல்படுத்தியவர் யாருமில்லை. ஒடிசலான உடம்பு, சட்டைப் பையில் எப்போதும் ஒரு வெண்கட்டித் துண்டு. மருந்தடிக்கும் நாளை அறிவிக்கும் பலகையின் அடியில், தோட்டத்துக்கு வந்த பறவைகளையும் எழுதிவைப்பார். எல்லாமே நேற்றைய சேதி.

பறவைகள் வடக்கே திரும்பும் ஏப்ரலில், ரவாங்கிலிருந்து மூன்று சனிக்கிழமை கேமராவோடு மோட்டாரில் போனேன். மூன்றாம் முறை பலகையில், ‘கருந்தலை மீன்கொத்தி, பெரிய கால்வாய், நேற்றுப் போய்விட்டது’ என்றிருந்தது.

“அண்ணே, அது இருக்கறப்பவே எழுதினா என்னா லா?” என்று கத்திவிட்டேன்.

“போன வருஷம் எழுதினேனே. நாப்பது பேரு கேமராவோட வந்து கால்வாய மறிச்சிட்டாங்க. ரெண்டு நாளா அது ஒரு நண்டுகூடப் பிடிக்கல. தின்னாத்தானே அவ்வளவு தூரம் பறக்கும்?”

அந்த நாற்பதில் நானும் ஒருவன். அது பறக்கும் படம் வேண்டுமென்று மண்ணாங்கட்டி எறிந்தவனே நான்தான். வண்டியைத் திருப்பினேன்.

“தம்பி, போன வருஷம் போட்டிருந்த அந்த மஞ்சத் தொப்பி என்னாச்சு?” என்று கேட்டுவிட்டுக் கேட்டைச் சாத்தினார்.